மாதிரியைக் காட்டிவிட்டு ஒப்படைப்பைக் கொடுங்கள்

ஒப்படைப்பு கொடுத்துத் திருத்தும் ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டத்தையும் கால அட்டவணையையும் முடிவு செய்யும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

மாணவர்கள் எழுதிக்கொண்டு வரும் கட்டுரைகளையும் ஆய்வக அறிக்கைகளையும், அவர்கள் சமர்ப்பிப்பதற்கு முன்னால் கூட உட்கார்ந்து படித்துப் பார்ப்பது என் வேலை. அதனால் இரண்டு பக்கத்துப் புலம்பலும் என் காதில் விழும். ‘எத்தனை தடவை சொன்னாலும் புரிந்துகொள்ளாமல் எழுதுகிறார்கள்’ என்பீர்கள் நீங்கள். ‘என்ன வேண்டும் என்று சொல்லவே மாட்டேன் என்கிறார்கள்’ என்பார்கள் அவர்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், எழுத்திலும் கொடுத்திருக்கிறீர்கள். சிலர் எதற்கு எத்தனை மார்க் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்களும் அதைப் படித்திருக்கிறார்கள். படித்தும் விளங்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒப்படைப்பைக் கொடுக்கும் அன்றே, அதே வகையில் ஏற்கெனவே எழுதப்பட்ட இரண்டு மூன்று மாதிரிகளை வகுப்பில் வையுங்கள். ஒன்று நன்றாக இருக்கட்டும், ஒன்று சுமாராக இருக்கட்டும். எது தேறும், எது தேறாது என்று மாணவர்களையே முதலில் சொல்லவிடுங்கள். அப்புறம் நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஒரு வகுப்பு நேரம் இதற்குப் போகும். அந்த நேரத்தைத்தான் கேட்கிறேன்.

உங்கள் அட்டவணையை ஒருமுறை மாணவர் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். ‘சிறப்பான பகுப்பாய்வு’ என்றால் 9 முதல் 10 வரை. ‘நல்ல பகுப்பாய்வு’ என்றால் 7 முதல் 8. ‘போதுமான பகுப்பாய்வு’ என்றால் 5 முதல் 6. சிறப்பானதற்கும் நல்லதற்கும் நடுவே என்ன வித்தியாசம்? உங்களுக்குத் தெரியும். வருடா வருடம் கட்டுக்கட்டாகத் திருத்திய கண் உங்களுடையது. முதல் பக்கத்தைப் புரட்டும்போதே இது ஏழா ஒன்பதா என்று பட்டுவிடும். மாணவர் தன் வாழ்நாளில் படித்திருக்கும் ஒப்படைப்பு பெரும்பாலும் ஒரே ஒருவருடையது: தன்னுடையது. அவரிடம் போய் ‘சிறப்பான’ என்று சொன்னால் அவர் எதை வைத்து அளப்பார்? பக்கத்தைக் கூட்டுவார், மேற்கோளைக் கூட்டுவார், அட்டைப்படத்தை அழகாக்குவார். அளக்க முடிந்தது அவ்வளவுதான்.

ராய்ஸ் சாட்லர் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1980-களிலேயே இந்தச் சிக்கலை அலசிவிட்டார். ஒரு தரத்தை மாணவருக்குத் தெரிவிக்க என்னென்ன வழி உண்டு என்று 1987-இல் ஒரு கட்டுரையில் வரிசைப்படுத்தினார். எண்ணால் எல்லை வகுப்பது, ஆசிரியரின் மனத்திலேயே வைத்துக்கொள்வது, மாதிரிகளைக் காட்டுவது, சொல்லால் விவரிப்பது. இவற்றில் மாதிரியும் சொல் விவரிப்பும் கைகோத்தால்தான் காரியம் நடக்கும் என்பது அவர் கட்சி. இரண்டு வருடம் கழித்து இன்னும் தெளிவாக எழுதினார்: ஒரு மாணவர் முன்னேற வேண்டுமானால், எட்ட வேண்டிய தரம் எது என்று அவருக்குத் தெரிய வேண்டும், தான் செய்ததை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும், இடையில் உள்ள தூரத்தைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும். நாம் பெரும்பாலும் மல்லுக்கட்டுவது இந்த மூன்றாவதோடுதான். ஓரத்தில் சிவப்பு மையால் ‘இன்னும் ஆழம் தேவை’ என்று எழுதுகிறோம். முதலாவது எப்போதோ நடந்து முடிந்துவிட்டதாக நமக்கு ஒரு நினைப்பு.

சரி, ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ‘நகரங்களில் மரம் நடுவதால் வெப்பம் குறையுமா? விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று ஒரு ஒப்படைப்பு. இப்படி ஒரு பத்தி வருகிறது:

‘மரங்கள் இயற்கை அன்னை நமக்கு அளித்த கொடை. மரம் இல்லையேல் மனிதன் இல்லை. இன்றைய நவீன உலகில் நகரமயமாதலின் விளைவாக மரங்கள் வெட்டி வீழ்த்தப்படுவது வேதனைக்குரியது. மரங்கள் நிழல் தருகின்றன, காற்றைத் தூய்மைப்படுத்துகின்றன, வெப்பத்தைத் தணிக்கின்றன. எனவே ஒவ்வொருவரும் மரம் நட்டு நகரங்களைக் காக்க முன்வர வேண்டும்.’

இன்னொரு பத்தி:

‘மரம் இரண்டு வழிகளில் வெப்பத்தைத் தணிக்கிறது. ஒன்று நிழல், இன்னொன்று இலைகள் வெளிவிடும் நீராவி. நிழல் கிடைக்க, கன்று வளர்ந்து கிளை விரிக்க வேண்டும். அதற்குப் பல வருடம் ஆகும். நீராவியால் வரும் குளிர்ச்சிக்கு மண்ணில் ஈரம் வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள நகரத்தில், வெயில் மிகக் கடுமையாக அடிக்கும் மாதங்களில்தான் இந்தக் குளிர்ச்சியும் குறையக்கூடும். மரம் நடுவது பயன் தரும். ஆனால் எந்த மரம், எந்த இடம், எங்கிருந்து தண்ணீர் என்று சொல்லாத திட்டம் வெப்பத்தைக் குறைக்கும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது.’

உங்களுக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்காது. ஆனால் மார்க்கை மறைத்துவிட்டு இரண்டையும் மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். முதலாவதுதான் நல்ல கட்டுரை என்று கணிசமான பேர் கை தூக்குவார்கள். காரணமும் சொல்வார்கள்: நடை நன்றாக இருக்கிறது, பிழை இல்லை, முடிவில் ஒரு செய்தி இருக்கிறது, இரண்டாவது ஏதோ மரத்துக்கு எதிராகப் பேசுவது மாதிரி இருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பள்ளியில் இப்படி எழுதித்தான் பாராட்டு வாங்கினார்கள்; பேச்சுப் போட்டியில் இதற்கு இன்றும் பரிசு உண்டு. ‘விமர்சன நோக்கில்’ என்று கேள்வியில் நீங்கள் போட்ட இரண்டு சொற்களால் அந்தப் பழக்கம் கழன்று விழுந்துவிடாது.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பத்தி உண்டு. என் அனுபவத்தில் அதுதான் வகுப்பில் மிகவும் பயன்படும். மரம் நடுவதன் நன்மைகள் என்று நான்கு வரி, தீமைகள் என்று நான்கு வரி, ‘ஆக நன்மையும் உண்டு தீமையும் உண்டு’ என்று ஒரு முடிவு. விமர்சனம் என்றால் இரண்டு பக்கத்தையும் சொல்வது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்த பத்தி அது. எதையும் எடைபோடவில்லை, ஒன்றை இன்னொன்றோடு மோதவிடவில்லை. முதல் பத்தியைப் பார்த்துச் சிரிக்கும் மாணவர்கூட இந்த மூன்றாவதைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார். அவர் எழுதி வைத்திருப்பது இதுவாகத்தான் இருக்கும். இந்த அமைதியை எந்த அட்டவணையும் உண்டாக்கிப் பார்த்ததில்லை.

கட்டுரைப் பாடங்களுக்குத்தான் இது என்று அறிவியல் ஆசிரியர்கள் நினைத்துவிடக் கூடாது. தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டிய இடத்தில் 9.6 வந்திருக்கிறது. ‘பிழைக்கான காரணங்களை விவாதிக்க’ என்கிறது கேள்வி. பத்தில் எட்டு அறிக்கையில் ‘மனிதப் பிழையின் காரணமாக விடை சற்று மாறுபட்டது’ என்றுதான் இருக்கும். நீங்கள் அதை அடித்துவிட்டு ‘விளக்கம் போதாது’ என்று எழுதுவீர்கள். அடுத்த முறை அவர் ‘மனிதப் பிழை மற்றும் கருவிப் பிழையின் காரணமாக’ என்று எழுதுவார், விளக்கத்தைக் கூட்டிவிட்டாரே! இதற்குப் பதிலாக இந்த மாதிரியைக் காட்டுங்கள்: ‘ஊசலின் நீளத்தை நூல் முடிச்சு வரைதான் அளந்தோம், குண்டின் மையம் வரை அளக்கவில்லை. குண்டின் ஆரம் 1 செ.மீ. ஆகவே 50 செ.மீ. இருக்க வேண்டிய நீளம் 49 என்று பதிவானது. நீளத்தில் 2 விழுக்காடு குறைந்தால் ஈர்ப்பு முடுக்கமும் 2 விழுக்காடு குறையும். எங்கள் விடை அதே அளவுதான் குறைந்திருக்கிறது.’ பிழையை விவாதிப்பது என்றால் எந்தப் பிழை, எந்தப் பக்கம் இழுக்கும், எவ்வளவு இழுக்கும் என்று சொல்வது. இதைப் பொது விதியாகச் சொன்னால் குறித்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்த மாணவர் அடுத்த சோதனையில் அளவுகோலைப் பிடிக்கும்போதே குண்டின் மையத்தைத் தேடுவார்.

ஆனால் மாதிரியைக் கொடுத்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால், ‘பதிவேற்றியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரே ஒரு நல்ல மாதிரியைப் போட்டுவிட்டுப் போவது, போடாமல் இருப்பதைவிட மோசமாகவும் முடியலாம். அந்த மாதிரியில் நான்கு துணைத்தலைப்பு இருந்தால் அந்த வருடம் வரும் அத்தனை கட்டுரையிலும் நான்கு துணைத்தலைப்பு இருக்கும். மாதிரி ஒரு கேள்வியோடு தொடங்கினால் எல்லாமே கேள்வியோடு தொடங்கும். மாணவர் மேலே தெரிவதைப் பிடித்துக்கொள்கிறார். எதனால் அது நல்லது என்று யாரும் அவரிடம் பேசவில்லையே.

பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ரஸ்ட், மார்கரெட் பிரைஸ், பெரி ஓடோனவன் மூவரும் வணிகப் படிப்பு மாணவர்களுக்கு ஒரு பட்டறை நடத்தி, முடிவை 2003-இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் இரண்டு மாதிரி ஒப்படைப்புகளை முதலில் தாங்களே திருத்தி மார்க் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிறகு சிறு குழுவாக உட்கார்ந்து ஏன் இந்த மார்க் என்று வாதிட்டார்கள். பிறகு ஆசிரியர்கள் தங்கள் அளவுகோலை விளக்கினார்கள். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம்தான். வந்தவர்கள் வராதவர்களைவிட அந்த ஒப்படைப்பை நன்றாகச் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து வேறொரு பாடத்திலும் அந்தப் பலன் ஓரளவு தெரிந்தது. விருப்பப்பட்டு வந்தவர்கள்தானே, ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. பட்டறைக்கு முந்தைய மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வகுப்பில் இதை நடத்தும் விதத்தைப் பற்றி எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. முதலில் மார்க்கை மறைத்துவிடுங்கள். ‘இது 9 வாங்கியது’ என்று சொல்லிக் கொடுத்தால் மாணவர் அதில் குறை தேடமாட்டார், பக்தியோடு படிப்பார். ஒவ்வொருவரும் தனியாகப் படித்து, எது மேலே எது கீழே என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். எண் போடச் சொல்வதைவிட வரிசைப்படுத்தச் சொல்வது எளிது. ஒன்றைத் தனியாக வைத்து அளப்பதைவிட இரண்டைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்வது மனிதருக்கு இயல்பாக வரும். இந்த ஒப்பீட்டின் அடிப்படையில் உளவியலாளர் லூயி தர்ஸ்டன் 1927-லேயே ஓர் அளவீட்டு முறை வகுத்திருக்கிறார். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிடட்டும். கருத்து வேறுபட்டால் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் சண்டை நடக்கட்டும்.

அதற்குப் பிறகு உங்கள் முறை. இங்கே முடிவை மட்டும் சொல்லாமல், படிக்கும்போது உங்கள் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘இந்த வரி வந்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது, இங்கே ஆதாரம் கேட்டேன் வரவில்லை, இந்தப் பத்தி நன்றாக இருக்கிறது ஆனால் கேள்விக்குச் சம்பந்தமில்லை, அதனால் தாண்டிப் போனேன்.’ பல வருட அனுபவத்தில் கையில் படிந்த அறிவை முழுதாகச் சொல்லில் வடிக்க முடியாது; நமக்குத் தெரிந்தது நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966-இல் எழுதினார். ஆனால் ஒரு குறிப்பிட்ட வரியைச் சுட்டிக்காட்டிச் சொல்ல முடியும். ‘தெளிவு வேண்டும்’ என்பது காற்றில் போய்விடும். ‘இந்த வாக்கியத்தில் ‘இது’ என்றால் எது?’ என்பது நிற்கும்.

கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். அந்தச் சுமாரான மாதிரியில் ஒரு பத்தியை எடுத்து, அதை மேலே கொண்டுபோகும்படி மாணவர்களைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பேச்சில் தலையாட்டியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் விளங்கியது என்பது அப்போது வெளிச்சமாகிவிடும். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். முதலில் வருவது எப்போதும் காப்பி. மாதிரியைக் கொடுத்தால் அப்படியே எழுதிவிடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இருவர் பொறியியல் வடிவமைப்பில் இதைச் சோதித்து 1991-இல் வெளியிட்டார்கள். ஒரு பொருளை வடிவமைக்கச் சொல்லும்போது உதாரணமாக ஒரு படத்தைக் காட்டினால், பார்த்தவர்களின் வடிவமைப்பில் அந்தப் படத்தின் அம்சங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அதன் குறைகளும்கூட ஒட்டிக்கொள்கின்றன. மாணவர்களுக்கு மட்டும் இல்லை, தொழில்முறைப் பொறியாளர்களுக்கும் இது நடந்தது. ஆகவே பயம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து மாதிரியை ஒளித்து வைப்பதாக இருக்க முடியாது. ஒரே வகை எழுத்து, வேறு தலைப்பு என்று எடுத்தால் வரியைத் திருட வழியில்லை. மர ஒப்படைப்புக்கு, போக்குவரத்தைப் பற்றிய பழைய கட்டுரையை வையுங்கள். நல்ல மாதிரியே இரண்டு வையுங்கள், ஒன்றுக்கொன்று துளியும் ஒத்துப்போகாதபடி. ஒன்று புள்ளிவிவரத்தை வைத்து வாதிட்டால் இன்னொன்று ஒரே ஒரு நிகழ்வை நுணுக்கமாக ஆராயட்டும். இரண்டும் 9 வாங்கியிருக்கின்றன என்றால், 9 வாங்குவதற்கும் துணைத்தலைப்புக்கும் சம்பந்தமில்லை என்று மாணவரே கண்டுகொள்வார்.

அப்புறம் ஒன்று. காப்பி அடிக்கும் மாணவரிடம் ஏற்கெனவே மாதிரி இருக்கிறது. மூத்த மாணவர்களின் பழைய ஒப்படைப்புகள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. விடுதியில் இருப்பவருக்கும் நாலு பேரைத் தெரிந்தவருக்கும் அண்ணனோ அக்காவோ அதே துறையில் படித்தவருக்கும் அவை கிடைக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவருக்கும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கும், கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் கிடைக்காது. நீங்கள் மாதிரி கொடுக்க மறுப்பதால் எல்லோரும் சமமாக இருட்டில் நிற்பதாக நினைக்கிறீர்கள். சிலர் மட்டும்தான் நிற்கிறார்கள். எனக்கு இந்த மடலை எழுதத் தோன்றியதற்குப் பெரிய காரணம் இதுதான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எல்லார் கையிலும் சாட்ஜிபிடி இருக்கிறது, மாதிரிக்கு என்ன பஞ்சம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. மாணவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள், அதுவும் நொடியில் கொடுக்கிறது. மொழி வழவழவென்று இருக்கும், ஒவ்வொரு பத்தியும் ஒரே உயரத்தில் வெட்டிவிட்டது மாதிரி இருக்கும். ஆனால் உங்கள் பாடத்தில், உங்கள் கேள்விக்கு, நீங்கள் எதை நல்லது என்று எண்ணுகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் ஒன்றும் காட்டாவிட்டால் அதுதான் அவர்களுக்கு அளவுகோல் ஆகிவிடும். அதையே ஒரு மாதிரியாக அச்சடித்து, மற்ற இரண்டோடு கலந்து வகுப்பில் வைத்துப் பாருங்கள். எது இயந்திரம் எழுதியது என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டாம், அது வெட்டி விளையாட்டு. இதற்கு எவ்வளவு மார்க், ஏன் என்று கேளுங்கள்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் நுட்பமானது, யோசித்துப் பார்க்க வேண்டியது. மிகச் சிறந்ததைக் காட்டினால் சுமாரான மாணவர் மனம் தளர்ந்துவிடுவாரே? தளரத்தான் செய்கிறார். டாட் ராஜர்ஸ், அவி ஃபெல்லர் இருவரும் ஓர் இணையவழிப் பாடத்தில் சேர்ந்தவர்களை வைத்து இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். சக மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும் பணியில், யாருக்குத் தற்செயலாக மிகச் சிறந்த கட்டுரைகள் வந்து சேர்ந்தனவோ அவர்கள் பாடத்தையே பாதியில் விட்டுவிடுவது அதிகமாக இருந்தது. மற்ற எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் போலிருக்கிறது, நமக்கு இது சரிப்பட்டு வராது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் உச்சியில் இருக்கும் ஒன்றை மட்டும் வைக்காதீர்கள் என்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் கொஞ்சம் எக்கினால் தொட்டுவிடும் உயரத்தில் ஒன்று இருக்கட்டும். அந்தச் சிறந்த கட்டுரையின் முதல் வரைவு கிடைத்தால் அதையும் சேர்த்தே காட்டுங்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் முதல் வகுப்புப் படித்த ஒரு சிறுவன் வரைந்த வண்ணத்துப்பூச்சிப் படங்களை ரான் பெர்கர் என்ற ஆசிரியர் ஊர் ஊராகக் காட்டி வருகிறார். முதல் படம் அந்த வயதுக் குழந்தை யார் வரைந்தாலும் இருப்பது போல் இருக்கும். கூடப் படித்த பிள்ளைகள் இறக்கையின் வடிவத்தைப் பற்றிச் சொல்கிறார்கள், திருத்துகிறான். பிறகு இறக்கையில் உள்ள கோடுகள், புள்ளிகளைப் பற்றிச் சொல்கிறார்கள், மறுபடியும் திருத்துகிறான். ஆறாவது படம் அறிவியல் நூலில் அச்சாகும் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். கடைசிப் படத்தை மட்டும் காட்டியிருந்தால் பார்ப்பவர்கள் ‘இவன் பிறவிக் கலைஞன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள்.

‘கல்லூரிக்கு வந்த பிறகும் ஊட்டிவிட வேண்டுமா?’ என்பது மூன்றாவது. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டியது இதற்குப் போதுமான பதில்: புதிதாகக் கற்பவர்கள், தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்துவிட்டுப் போடும்போது, வெறுமனே கணக்குக்கு மேல் கணக்காகப் போட்டவர்களைவிட விரைவாகவும் பிழை குறைவாகவும் போட்டார்கள். தேர்ச்சி வந்த பிறகு அதே உதாரணம் தடையாகிவிடும் என்பதும் பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆகவே முதலாம் ஆண்டில் தாராளமாகக் காட்டுங்கள், இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு வரும்போது குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது மாதிரியை மாணவர்களே தேடி எடுத்து வந்து, இது ஏன் நல்லது என்று உங்களுக்குச் சொல்லட்டும்.

துறைத் தலைவர்களிடம் தனியாகச் சில வார்த்தை. இதைத் தனி ஆசிரியரின் ஆர்வத்துக்கு விட்டுவிட்டால் அவர் மாறிப் போனதும் மாதிரிகளும் அவரோடு போய்விடும். துறைக்கென்று ஒரு கோப்பு இருக்கட்டும். ஒவ்வொரு ஒப்படைப்பு வகைக்கும் மூன்று நான்கு மாதிரிகள், ஓரத்தில் திருத்தியவரின் குறிப்போடு. கேள்வி மாறினால் பழையதை எடுத்துவிடுங்கள். எழுதிய மாணவரிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குங்கள். அதுவும் இறுதி மதிப்பெண் வெளியான பிறகே கேளுங்கள். மார்க் உங்கள் கையில் இருக்கும்போது கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? பெயர், பதிவெண் மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் நீக்குங்கள். சரியில்லாத மாதிரிக்கு எந்த மாணவருடைய எழுத்தையும் அப்படியே எடுக்காதீர்கள். வழக்கமாக வரும் தவறுகளைக் கலந்து நீங்களே ஒன்று எழுதிவிடலாம். அதில் ஒரு சுகமும் இருக்கிறது, எழுதிப் பார்த்தால் தெரியும்.

அந்தக் கோப்பினால் மாணவர்களுக்கு முன்னால் உங்களுக்கே பலன் கிடைக்கும். டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே வடிவியல் விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். 1913-இல் முடிவு வந்தது. நூற்றுக்கு 28-லிருந்து 95 வரை போட்டிருந்தார்கள். கட்டுரைகூட இல்லை, கணக்கு! ஒரே பாடத்தை மூன்று பேர் எடுக்கும் துறையில், பருவத் தொடக்கத்தில் மூவரும் அதே மாதிரிகளைத் தனித்தனியே திருத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால், ‘அந்தப் பிரிவில் போட்டால் மார்க் கிடைக்கும், இந்தப் பிரிவில் கிடைக்காது’ என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளருக்கும் உங்கள் துறையின் தரம் எது என்று யாரையும் கேட்டு அலையாமல் தெரிந்துவிடும்.

இது ஒன்றும் புதுமை இல்லை. அமெரிக்காவின் காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு, பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் எழுதும் தன் ஏபி தேர்வுகளின் விரிவான விடைக் கேள்விகளுக்கு, மேலே, நடுவே, கீழே என்று மாணவர் விடைகளைத் திருத்தியவர் விளக்கத்தோடு வெளியிடுகிறது. கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியமும் நியூசிலாந்தின் தகுதிச் சான்று ஆணையமும் இதே போல விளக்கக் குறிப்போடு வெளியிடுகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகம் 16 துறைகளில் மாணவர்கள் எழுதி ஏ தரம் வாங்கிய 829 கட்டுரைகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. எல்லாமே ஏ என்பதால் சுமாரானது எப்படி இருக்கும் என்று அதில் தெரியாது. ஆனால் கையில் ஒன்றுமே இல்லாத துறைக்குத் தொடங்க அது போதும்.

நேரம் இல்லை என்பீர்கள். அறுபது தாளில் அறுபது தடவை ‘விமர்சனம் இல்லை, விவரணைதான் இருக்கிறது’ என்று எழுதும் நேரத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

எல்லா ஒப்படைப்புக்கும் ஒரே பருவத்தில் இதைச் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் முதலாம் ஆண்டு மாணவர்கள் எழுதப்போகும் முதல் ஒப்படைப்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் அதில் எங்கே அதிகம் பேர் சறுக்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு இடத்துக்குப் பொருத்தமாக இரண்டு மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான வகுப்பைத் துறைத் தலைவர் கால அட்டவணையிலேயே குறித்துவிடட்டும், இல்லையென்றால் ‘பாடம் முடியவில்லை’ என்ற வழக்கமான காரணத்தில் அது காணாமல் போகும். மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கவோ ஓரக்குறிப்பு எழுதவோ கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
மாணவர்களின் வரைவுகளைக் கூட உட்கார்ந்து படிக்கும் ஒருவர்